"பிரசவ வார்டில் இருக்கிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறார் அம்மா"

கேள்வி:

மேடம், வணக்கம். எனக்கு 29 வயது. தென் மாவட்டம் ஒன்றில், அரசு மருத்துவமனையின் ஏ.ஆர்.டி. மையத்தில் (எச்.ஐ.வி. உள்ளவர்களுக்குக் கூட்டு மருந்து கொடுக்கும் இடம்) நான்கு வருடமாக ஒப்பந்த நர்ஸாக இருக்கிறேன். வேலை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் மற்ற வார்டு சிஸ்டர்கள் மதியச் சாப்பாட்டுக்கு என்னைக் கூப்பிடுவதில்லை. எங்கள் மையத்திலேயே வேலை பார்க்கும், எச்.ஐ.வி. உள்ள ஒரு அக்காவும் நானும்தான் சேர்ந்து சாப்பிடுவோம். வீட்டுக்குப் போனால் கொல்லைப்புறமாகப் போய்த் தலைக்குக் குளித்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்பது அம்மாவின் கட்டளை. சொந்தக்காரர்களிடம் நான் பிரசவ வார்டில் இருப்பதாகச் சொல்லி வைத்திருக்கிறார். நிச்சயம் வரைக்கும் வந்த ஒரு வரன், நான் எங்கே வேலை பார்க்கிறேன் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டதும் நின்றுபோனது. ஐந்து வாரத்துக்கு முன் ரத்தம் எடுக்கும்போது விரலில் ஊசி குத்திவிட்டது. எங்கள் டாக்டரிடம் மட்டும் சொல்லி, எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்கும் மாத்திரையை 28 நாள் சாப்பிட்டு முடித்தேன். ரிஜிஸ்டரில் எழுத வேண்டாம் என்று நான்தான் கேட்டுக்கொண்டேன். வீட்டில் யாருக்கும் தெரியாது. தனியார் மருத்துவமனைக்குப் போய்விடலாமா, ஏஜென்சி பிடித்து வளைகுடாவுக்குப் போகலாமா என்று தினமும் யோசிக்கிறேன். இந்த வேலை பிடித்திருப்பது என் முட்டாள்தனமா?

(அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறோம்.)

பதில்:

அன்புள்ள சிஸ்டர்,

33 வருடம் அரசு மருத்துவமனைகளில் வேலை பார்த்து, நர்சிங் சூப்பிரண்டெண்டாக ஓய்வு பெற்றவள் நான். அதில் 11 வருடம் எச்.ஐ.வி. வார்டிலும் பிறகு ஏ.ஆர்.டி. மையத்திலும். அதனால் உங்கள் கடிதத்தை வெளியே நின்று படிக்க என்னால் முடியவில்லை.

ஊசி குத்தியதைக் கடிதத்தின் நடுவில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் முதலில் கண்ணில் பட்டது. அதை முடித்துவிட்டு மற்றதற்கு வருகிறேன்.

28 நாளும் விடாமல் மாத்திரை சாப்பிட்டது நல்ல காரியம். முதல் மாத்திரையை இரண்டு மணி நேரத்துக்குள் போட்டால் நல்லது, 72 மணி நேரம் தாண்டினால் தொடங்கிப் பயனில்லை என்று மற்ற வார்டுக்காரர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற இடத்தில் இருப்பவர் நீங்கள். மருந்தும் அதே கட்டடத்தில் இருக்கிறது. உடனே போட்டிருப்பீர்கள் என்றே எடுத்துக்கொள்கிறேன். எச்.ஐ.வி. உள்ளவருக்குப் பயன்படுத்திய ஊசி குத்தினால் தொற்றுவதற்கான வாய்ப்பு சுமார் 0.3 சதவீதம், அதாவது 300 தடவை குத்தினால் ஒரு தடவை என்ற கணக்கு உங்களுக்குத் தெரியும். அது நல்ல மருந்துகள் வருவதற்கு முந்தைய கால நோயாளிகளை வைத்துப் போட்ட கணக்கு என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். அந்த நோயாளி ஒழுங்காக மருந்து எடுப்பவராக, வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் உள்ள வைரஸின் அளவு, கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்தவராக இருந்தால் வாய்ப்பு அதைவிடவும் எவ்வளவோ கீழே. நம் விதிமுறை அப்போதும் மாத்திரையைப் போடத்தான் சொல்கிறது, நீங்களும் போட்டுவிட்டீர்கள்.

ஆனால் ரிஜிஸ்டரில் எழுத வேண்டாம் என்று கேட்டது தப்பு. கோபித்துக்கொள்ளாதீர்கள். ஒப்பந்தத்தில் இருக்கிறவருக்கு அந்த ஒரு பக்கம்தான் பாதுகாப்பு. குத்திய தேதி, நேரம், அன்றைக்கு உங்கள் ரத்தம் நெகட்டிவ் என்ற முடிவு, மாத்திரை தொடங்கிய நேரம், இவை எழுத்தில் இருந்தால்தான் நாளைக்கு எது வந்தாலும் இது பணியில் நடந்தது என்று சொல்ல முடியும். 2017-ல் வந்து, 2018 செப்டம்பர் 10 முதல் அமலில் இருக்கும் எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டத்தின் 19-வது பிரிவு, ரத்தத்தோடு புழங்கும் ஒவ்வொரு ஊழியருக்கும் பாதுகாப்புச் சாதனமும் பயிற்சியும் ஊசி குத்தினால் தடுப்பு மருந்தும் கொடுப்பது நிறுவனத்தின் கடமை என்கிறது. அங்கே வேலை பார்க்கிற எல்லாருக்கும் என்றுதான் இருக்கிறது, நிரந்தரம் ஒப்பந்தம் என்று பிரிக்கவில்லை. நாளைக்கே டாக்டரிடம் போய், தாமதமாகப் பதிகிறோம் என்ற குறிப்போடு எல்லாவற்றையும் எழுதச் சொல்லுங்கள். ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசி மூன்று டோஸும் போட்டு, எதிர்ப்புச் சக்தி வந்திருக்கிறதா என்று ரத்தத்தில் பார்த்திருக்கிறீர்களா? தடுப்பூசி போடாத ஒருவரை அந்தத் தொற்றுள்ள ஊசி குத்தினால் நூற்றுக்கு 6 முதல் 30 பேர் வரை தொற்றலாம். எச்.ஐ.வி.க்குப் பயந்து நடுங்கும் எத்தனையோ நர்ஸ்கள் இந்தத் தடுப்பூசியைப் போடாமலே சர்வீஸை முடித்திருக்கிறார்கள்.

எழுத வேண்டாம் என்று ஏன் கேட்டீர்கள் தெரியுமா? நம் நோயாளிகள் முதல் தடவை ரிசல்ட் வாங்கும்போது, "இதை எங்கேயும் எழுதாதீங்க சிஸ்டர்" என்று கையைப் பிடித்துக்கொண்டு கேட்பார்களே, அதே குரலில் நீங்களும் கேட்டிருக்கிறீர்கள். உங்களைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. எனக்கும் குத்தியது, 1999-ல். நான் இருந்த மருத்துவமனையில் அப்போது குத்தினால் போட மாத்திரை கிடையாது. விரலைப் பிதுக்கி ரத்தத்தை வெளியேற்றினேன், ஸ்பிரிட்டை ஊற்றினேன். இரண்டுமே செய்யக் கூடாதவை என்று பிறகுதான் தெரிந்தது. ஆறு மாதம் ஒருவரிடமும் சொல்லவில்லை. என் மகனுக்கு அப்போது நாலு வயது. யாரும் சொல்லாமல் நானே எனக்கு ஒரு தட்டு, ஒரு டம்ளர் தனியாக எடுத்து வைத்துக்கொண்டேன். வார்டில் மற்றவர்களுக்கு, "கூடச் சாப்பிட்டால் வராது" என்று பாடம் எடுத்துக்கொண்டிருந்த அதே நான்.

அந்தத் தட்டைப் பற்றி இத்தனை வருடம் யோசித்துப் பார்த்து எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன். நாம் இதை நோய்ப் பயம் என்று நினைக்கிறோம். அதில் பயம் கொஞ்சம்தான், மிச்சமெல்லாம் தீட்டு. கிருமிக்குப் பயந்துதான் உங்களைக் குளிக்கச் சொல்கிறார்கள் என்றால் காசநோய் வார்டு சிஸ்டருக்கும் கொல்லைப்புறத்தில் வாளி வைக்க வேண்டும். அவருக்கு யாரும் வைப்பதில்லை. சாவு வீட்டுக்குப் போய்விட்டு வந்தால் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டுதானே உள்ளே வருவோம்? உங்களைத் தினமும் சாவு வீட்டுக்குப் போய் வருகிறவராக நடத்துகிறார்கள். தனித் தட்டும் தனி டம்ளரும் இந்த நோயோடு வந்தவை இல்லை. அதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்பிருந்தே நம் ஊரில் இருந்தவை. யாருக்கு, எதற்காக வைத்தார்கள் என்பது நம் எல்லாருக்கும் தெரியும். அந்தப் பழக்கத்தின் மேல் 'ஒழுக்கம் கெட்டவங்க வியாதி' என்ற இன்னொரு சுமையையும் ஏற்றி எச்.ஐ.வி. உள்ளவர்களின் தலையில் வைத்துவிட்டோம். அவர்களைத் தொட்டுப் பார்க்கிற நமக்கும் அதில் ஒரு பங்கு வந்து சேர்கிறது.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், பயத்துக்கு மருந்து தகவல். தீட்டுக்குத் தகவல் மட்டும் போதாது. சென்னையும் ஒரு மையமாக இருந்து நடந்த பன்னாட்டு ஆய்வு ஒன்று, சீக்கிரமே மருந்து தொடங்கினால் துணைக்குத் தொற்றுவது 96 சதவீதம் குறைகிறது என்று 2011-லேயே காட்டிவிட்டது. வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்தவரிடமிருந்து உடலுறவிலேயே தொற்றாது என்பது இன்று மருத்துவ உலகம் ஒப்புக்கொண்ட விஷயம். ஒரே வீட்டில், ஒரே கட்டிலில் வாழ்கிறவருக்கே வராதது, டிபன் பாக்ஸிலிருந்து ஒரு அப்பளத்தை எடுத்தால் வந்துவிடுமா? உங்கள் மருத்துவமனையின் மற்ற சிஸ்டர்களுக்கு இது தெரியாமல் இல்லை. நர்சிங் படித்தவர்கள்தான், பரீட்சையில் எழுதிப் பாஸ் செய்தவர்கள்தான். தெரிந்தும் கை வரவில்லை.

கை எப்படி வரும்? நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். எங்கள் வார்டுக்கு ரவுண்ட்ஸ் வரும் மருத்துவப் பேராசிரியர் ஒருவர், வாரத்தில் ஒரு நாள் ரவுண்ட்ஸ் முடிந்ததும் வார்டு வராந்தாவிலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து டீ குடிப்பார். ஊற்றிக் கொடுப்பது ஒரு நோயாளி. டாக்டர் எதுவும் பேச மாட்டார், பிரசங்கமெல்லாம் கிடையாது. மூன்றாவது மாதத்தில் பயிற்சி மருத்துவர்கள் ஸ்டூல் தேட ஆரம்பித்தார்கள். அப்புறம் பக்கத்து வார்டு சிஸ்டர்கள். அதுவரை நாங்கள் சுவரில் ஒட்டிய போஸ்டர் எதுவும் செய்யாததை அந்த டீ செய்தது.

அதனால் நீங்கள் எல்லாரையும் ஒரேயடியாக மாற்றப் பார்க்க வேண்டாம். ஒரே ஒரு சிஸ்டரைத் தேர்ந்தெடுங்கள். உங்களோடு பஸ்ஸில் வருகிறவரோ, ஒரே ஊர்க்காரரோ, யாரிடம் கொஞ்சம் ஈரம் தெரிகிறதோ அவரை. முதலில் அந்த அக்காவிடம் கேட்டுக்கொள்ளுங்கள், இன்னொருவர் வந்து உட்கார்ந்தால் அவருக்குச் சம்மதமா என்று. மருத்துவமனையில் அவர் நிலை எல்லாருக்கும் தெரிந்திருந்தாலும் யாரோடு உட்கார்வது என்பது அவர் முடிவு. இன்னொன்று, மற்ற வார்டில் ஊசி குத்தினால் அந்த சிஸ்டர்கள் ஓடி வருவது உங்கள் மையத்துக்குத்தான். அந்த நேரத்தில் அவர்கள் முகத்தைப் பார்த்திருப்பீர்கள். உங்கள் நர்சிங் சூப்பிரண்டெண்டிடம் அனுமதி வாங்கி, மாதம் ஒரு வார்டில் அரை மணி நேரம் இதைப் பற்றி மட்டும் பேசுங்கள். ஊசி மூடியைத் திரும்பப் போடாதே, குத்தினால் பிதுக்காதே, யார் ரத்தமாக இருந்தாலும் ஒரே மாதிரிக் கையாள். எச்.ஐ.வி. உள்ளவர் என்பதற்கு அடையாளமாகக் கேஸ் ஷீட்டில் 'ரெட்ரோ' என்று சிவப்பு மையில் எழுதி வைப்பதால் யாருக்கும் பாதுகாப்பு கிடையாது. பரிசோதனையே செய்யாமல் அடுத்த கட்டிலில் படுத்திருப்பவரின் நிலை யாருக்குத் தெரியும்? அப்படி வெளியில் தெரிய எழுதுவது நோயாளியின் ரகசியத்தை உடைப்பது, சட்டத்துக்கும் விரோதம். இதை அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது, நீங்கள் ஒதுக்கப்பட்ட ஆளாக இல்லாமல் விஷயம் தெரிந்த ஆளாக அந்த வார்டுக்குள் நுழைகிறீர்கள். அந்த வித்தியாசத்தை நீங்களே உணர்வீர்கள்.

உங்கள் மையத்தில் நிஜமாகக் கவனமாக இருக்க வேண்டியது காசநோய்க்கு. ஜன்னலைத் திறந்து வையுங்கள், காற்று உங்கள் பக்கமிருந்து நோயாளி பக்கம் போகிற மாதிரி நாற்காலியைப் போடுங்கள், இருமல் உள்ளவரை வரிசையில் நிற்க வைக்காமல் முதலில் பார்த்து அனுப்புங்கள், என்-95 முகக்கவசம் கேட்டு வாங்குங்கள். அதில் அலட்சியம் வேண்டாம்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். இந்த வேலை பிடித்திருப்பது முட்டாள்தனமா என்று கேட்டீர்கள். பிடிக்காமல் இருந்தால்தான் நான் ஆச்சரியப்பட்டிருப்பேன்.

நான் அந்த வார்டுக்குப் போன காலத்தில் எங்களிடம் இருந்தது மற்ற தொற்றுகளைத் தடுக்கும் கோட்ரைமாக்ஸசோல் மாத்திரையும், வாய்ப்புண்ணுக்கு மருந்தும், வயிற்றுப்போக்குக்கு டிரிப்பும்தான். படுக்கையில் கிடப்பவரை வீட்டுக்காரர்கள் கேட்டில் விட்டுவிட்டுப் போய்விடுவார்கள், முகவரி பொய்யாக இருக்கும். இறந்தவரின் கண்ணை மூடிவிட்டு வீட்டுக்குப் போவோம். 2004 ஏப்ரல் 1-ஆம் தேதி இலவசக் கூட்டு மருந்துத் திட்டம் தொடங்கியது. நாட்டில் முதலில் தொடங்கிய சில இடங்களில் தாம்பரம் சானடோரியமும் ஒன்று. அதற்குப் பிறகு எங்கள் பக்கமும் மருந்து வந்தது. 34 கிலோவில் தூக்கிக்கொண்டு வரப்பட்ட ஒருவர் எட்டு மாதத்தில் 51 கிலோவாகி, தானே சைக்கிள் மிதித்து மாத்திரை வாங்க வந்தார். அன்றைக்கு எடை மெஷின் தப்பாகக் காட்டுகிறது என்று நினைத்து இரண்டு தடவை நிற்க வைத்தேன். அந்தக் கால மாத்திரைகளில் ஒன்று கன்னத்தை ஒட்ட வைத்துவிடும், முகத்தைப் பார்த்தே ஊர் கண்டுபிடித்துவிடும். இன்றைக்கு உங்கள் நோயாளிகளுக்குப் பெரும்பாலும் ஒரு நாளைக்கு ஒரே மாத்திரை, முகத்தில் எந்த அடையாளமும் கிடையாது. சிகிச்சையே இல்லையென்றால் தாயிடமிருந்து நூறு குழந்தைகளில் 15 முதல் 45 வரை தொற்றக்கூடிய இடத்தில், தாய்க்கு மருந்தும் குழந்தைக்குச் சொட்டு மருந்தும் சரியாகக் கொடுத்தால் ஐந்துக்கும் கீழே கொண்டுவர முடிகிறது. 18-ஆவது மாதக் கடைசிப் பரிசோதனையில் 'நெகட்டிவ்' என்று வரும் தாளை அந்தத் தாயிடம் நீட்டுகிற நிமிஷம் இருக்கிறதே, அதற்கு இணையான ஒன்றை நான் எந்த வார்டிலும் பார்த்ததில்லை. பிரசவ வார்டிலும் இருந்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

ஆனால் பிரசவ வார்டில் குழந்தை பிறந்தால் ஊரே வந்து சர்க்கரை கொடுக்கும். "இந்த சிஸ்டர்தான் என் பேத்தியைக் கையில் வாங்கினாங்க" என்று கடைத்தெருவில் நிறுத்திச் சொல்வார்கள். உங்களுக்கு அது நடக்காது. உங்களால் உயிரோடு இருக்கிறவர் பஸ் ஸ்டாண்டில் எதிரே வந்தால் நீங்கள் தெரியாதவர் மாதிரிக் கடந்துபோக வேண்டும். அவரும் தலையைத் திருப்பிக்கொள்வார். நீங்கள் சிரித்தால், பக்கத்தில் நிற்கிறவர் "யாரு அவங்க?" என்று கேட்டால், அந்த ஒரு கேள்வியில் அவர் வாழ்க்கை உடைந்துபோகலாம். கல்யாணப் பத்திரிகையை உங்கள் மேஜையில் வைத்து, "வந்துடாதீங்க சிஸ்டர், தப்பா எடுத்துக்காதீங்க" என்று சொன்னவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். வீட்டில் சொல்ல முடியாது, பெயர் சொல்ல முடியாது, ஊர் சொல்ல முடியாது. நல்லது நடந்த அன்றைக்கும் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டும். இந்த வேலையில் திருப்தி குறைவில்லை, அதைப் பார்க்க ஆள் இல்லை என்பதுதான் குறை. நான்கு வருடம் யாரும் பார்க்காமல் ஒரு சந்தோஷத்தைச் சுமந்தால், அது நிஜம்தானா என்றே சந்தேகம் வந்துவிடும். முட்டாள்தனமா என்று நீங்கள் கேட்டது அந்தச் சந்தேகத்தில்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

எனவே, பார்க்கும் ஆட்களை நீங்களே தேட வேண்டும். மையத்தில் டாக்டர், கவுன்சிலர், பார்மசிஸ்ட், லேப் டெக்னீஷியன், டேட்டா மேனேஜர், அந்த அக்கா எல்லாரும் ரகசியத்துக்குள் இருப்பவர்கள்தானே? மாதத்தில் ஒரு நாள், கடைசி சனிக்கிழமை டோக்கன் முடிந்ததும் அரை மணி நேரம் உட்காருங்கள். மாத்திரை வாங்க வராமல் விடுபட்டவர்களின் பட்டியலை வைத்துக்கொண்டு மட்டும் உட்காராதீர்கள், அதுதான் தினமும் நடக்கிறதே. திரும்பி வந்தவர் யார், வைரல் லோடு இறங்கியது யாருக்கு, எந்தக் குழந்தை 18 மாதம் தாண்டியது என்று பேசுங்கள். இந்த மாதம் இறந்தவர் யார் என்றும் பேசுங்கள். நாங்கள் இதை ஒரு பார்மசிஸ்ட் ஆரம்பித்து வைத்ததால் தற்செயலாகத்தான் செய்தோம். அவர் கொண்டு வரும் சுண்டலுக்காகக் கூடினோம். அந்த அரை மணி நேரம் இல்லாவிட்டால் நான் 11 வருடம் தாக்குப்பிடித்திருக்க மாட்டேன்.

இனி அம்மா. நோயாளி தன் நிலையை மறைப்பது அவர் உரிமை. நீங்கள் வேலை பார்க்கும் இடத்தை மறைப்பது அப்படிப்பட்டது அல்ல. காலையில் ஒருவரிடம், "இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை" என்று சொல்லிவிட்டு, சாயங்காலம் நீங்களே அதற்காக வெட்கப்பட்டுப் பொய்க்குத் துணைபோனால், அந்த வார்த்தை உங்கள் வாயிலேயே பலம் இழந்துவிடும். நான்கு வருடத்தில் அது உங்களை எவ்வளவு களைக்க வைத்திருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அம்மாவிடம் சண்டை போடாதீர்கள். ஒரு நாள் அவர் காய் நறுக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "எனக்கு வந்துவிடும் என்று பயப்படுகிறாயா, ஊர் என்ன சொல்லும் என்று பயப்படுகிறாயா?" இரண்டுக்கும் பதில் வேறு. முதலாவது என்றால் உங்கள் டாக்டரிடம் கூட்டிப் போங்கள், நோயாளிகள் இல்லாத ஒரு மத்தியானத்தில். மகள் உட்காரும் நாற்காலியையும் மேஜையையும் பார்த்தாலே பாதி பயம் போய்விடும். பல அம்மாக்கள் மனதுக்குள் ஏதோ குகை மாதிரி நினைத்து வைத்திருக்கிறார்கள். இரண்டாவது என்றால் கொஞ்ச காலம் பிடிக்கும், உடனே சரியாகாது. குளியலைப் பொறுத்தவரை, ஆஸ்பத்திரியிலிருந்து வந்து குளிப்பது நல்ல பழக்கம்தான். முன்வாசல் வழியாக வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு, அப்புறம் குளியுங்கள். வாசலை மட்டும் மாற்றுங்கள்.

ஊசி குத்தியதை அம்மாவிடம் இப்போதே சொல்ல வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆறு மாதத்துப் பரிசோதனை முடிந்ததும் சொல்லலாம்.

நின்றுபோன வரனைப் பற்றி. உங்களுக்கு வலித்திருக்கும், அதை நான் சின்னதாக நினைக்கவில்லை. ஆனால் அங்கே உடைந்தது எதனால் என்று பாருங்கள். பிரசவ வார்டு என்று சொல்லி ஆரம்பித்து, விசாரித்தபோது வேறாக இருந்தது. பயத்தோடு ஏமாற்றப்பட்டோம் என்ற கோபமும் சேர்ந்துகொண்டது. அடுத்த தடவை முதல் பேச்சிலேயே, ஜாதகம் கை மாறும்போதே, வேலை பார்க்கும் இடத்தைச் சொல்லிவிடச் சொல்லுங்கள். வரன்கள் குறையும். குறையட்டும் என்று எளிதாகச் சொல்லிவிட்டுப் போக எனக்கு உரிமையில்லை, 29 வயதில் நம் ஊரில் ஒரு பெண் கேட்கும் பேச்சு எனக்குத் தெரியும். ஆனால் இந்த வேலைக்குத் துணை நிற்கிற ஆண்கள் இருந்திருக்கிறார்கள், முதல் நாளிலிருந்தே. இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது முதன்முதலில் கண்டறியப்பட்டது நம் சென்னையில், 1986-ல். சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் மாணவி செல்லப்பன் நிர்மலா பெண்களிடம் ரத்த மாதிரி சேகரித்தார். போகும் இடத்துக்குத் தன் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டவர் அவருடைய கணவர். மாதிரிகளை வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்திருந்து, பரிசோதனைக்காக வேலூர் சி.எம்.சி.க்கு இரவு ரயிலில் எடுத்துப் போனபோதும் அவர் கூடவே போனார். அந்த நோயின் பெயரைக் கேட்டாலே உலகம் நடுங்கிய வருடம் அது. சுனிதி சாலமன் வீட்டிலும் முதலில் தயக்கம் இருந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். தயக்கத்தைத் தாண்டித்தான் 1993-ல் தனியாக ஒரு மையம் தொடங்கி, கடைசி வரை இந்த நோயாளிகளைப் பார்த்தார்.

வேலையை விடுவதா என்ற கேள்வியை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். வேலையின் பெயருக்காகப் போக நினைக்கிறீர்களா, சம்பளத்துக்கும் நிரந்தரம் இல்லாததற்கும் போக நினைக்கிறீர்களா? இரண்டாவது என்றால் அதில் வெட்கம் எதுவும் இல்லை. திட்டப் பணியில் வருடக்கணக்காக ஒப்பந்தத்திலேயே வைத்திருந்துவிட்டு, 'இது சேவை அம்மா' என்று சொல்கிறவர்களை நான் மன்னித்ததில்லை. சேவை என்ற சொல்லைக் காட்டி நர்ஸின் சம்பளத்தைப் பேசவிடாமல் செய்வது அநியாயம். மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் அறிவிப்பு வந்தால் விண்ணப்பியுங்கள், வெளிநாடு போக வேண்டுமென்றால் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுப் போங்கள். ஏஜென்சிகள் பெரும்பாலும் வார்டு, ஐ.சி.யூ. அனுபவத்தைத்தான் கேட்கும், அதையும் யோசித்துக்கொள்ளுங்கள். வளைகுடா விசாவுக்கான மருத்துவப் பரிசோதனையில் எச்.ஐ.வி.யும் உண்டு என்பதால், ஊசி குத்தியதற்கான பரிசோதனைகள் முழுதாக முடிந்து, தாள்கள் கையில் இருக்கும்வரை எதிலும் அவசரப்பட வேண்டாம். பெயருக்காக மட்டும்தான் போக நினைக்கிறீர்கள் என்றால், நான் மேலே சொன்ன சனிக்கிழமை, சாப்பாடு, வாசல் மூன்றையும் ஆறு மாதம் செய்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள். அதற்குப் பிறகும் போக வேண்டும் என்று தோன்றினால் போங்கள், நான் தடுக்க மாட்டேன்.

உங்கள் கணக்குப்படி ஊசி குத்தி அடுத்த வாரம் ஆறு வாரம் ஆகிறது. பரிசோதனை நாள். அதன் பிறகு மூன்றாம் மாதம், ஆறாம் மாதம். உங்கள் கட்டடத்திலேயே, உங்களுக்குத் தெரிந்த லேப் டெக்னீஷியன்தான் எடுக்கப் போகிறார், இரண்டு நிமிட வேலை என்று தனியாகப் போய் உட்கார்ந்துவிடாதீர்கள். ரிசல்ட்டுக்குக் காத்திருக்கும் அந்த அரை மணி நேரம் எப்படி இருக்கும் என்பது உங்கள் மையத்தில் ஒருவருக்கு நன்றாகத் தெரியும். தினமும் உங்களோடு உட்கார்ந்து சாப்பிடுகிறாரே, அந்த அக்காவிடம் விஷயத்தைச் சொல்லி, கூட வரச் சொல்லுங்கள்.